துகள் மோதுவியின் வளையம் ஏன் பெரிதாகிறது?

ஜெனீவா அருகே, பூமிக்கடியில் சுமார் 100 மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுடன் அமைந்திருக்கும், துகள்களை வேகமேற்றி எதிரெதிரே மோதவிடும் வளையமான பெரும் ஹாட்ரான் மோதுவியைக் காரைக்குடியை மையமாக வைத்து வரைந்தால், நகரம் அதற்குள் அடங்கிவிடும். அதை இயக்கும் ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்ன் திட்டமிட்டுவரும் அடுத்த மோதுவியின் 91 கிலோமீட்டர் வளையமோ வடக்கே கானாடுகாத்தானையும் சேர்த்து வளைத்துக்கொண்டு, தெற்கே ஏறத்தாழ தேவகோட்டை வரை எட்டும். 2012 ஜூலை 4 அன்று அடிப்படைத் துகள்களுக்கு நிறை கிடைப்பதோடு தொடர்புடைய ஹிக்ஸ் போசான் என்ற துகளின் கண்டுபிடிப்பை அறிவித்த பின்னும் இவ்வளவு பெரிய வளையம் எதற்கு என்றால், துகளை வளைத்துச் சுற்றவிடுவதில் இரண்டு தடைகள் இருக்கின்றன.

புரோட்டானுக்குத் தடை காந்தம். உந்தம் கூடக்கூட, அதே வளைவில் துகளைத் திருப்புவதற்குக் காந்தப்புலமும் கூட வேண்டும். இன்றைய மோதுவியின் 1232 வளைகாந்தங்கள், 1.9 கெல்வின் குளிரில் இயங்கும் நையோபியம்–டைட்டானியம் மீக்கடத்திச் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும்) சுருள்களால் 8 டெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தின் அலகு) மேல் புலம் தருகின்றன. அந்தக் கலவையிடம் இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. புலத்தை 14 டெஸ்லாவாக உயர்த்தி, வளையத்தையும் மூன்று மடங்குக்கு மேல் பெரிதாக்கினால், மோதல் ஆற்றல் 13.6 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு; ஒரு டெரா என்பது ஆயிரம் ஜிகா) சுமார் 85 வரை ஏறும்.

எலெக்ட்ரானின் சிக்கல் வேறு. வளையும்போது அது கதிர்வீச்சாக ஆற்றலை இழக்கிறது. ஒரே ஆற்றலில், நிறை குறையக்குறைய இந்த இழப்பு நான்காம் அடுக்கில் பெருகும்: நிறை பாதியானால் இழப்பு 16 மடங்காகும். இதே சுரங்கத்தில் 2000 வரை இயங்கிய எலெக்ட்ரான்–பாசிட்ரான் (எலெக்ட்ரானின் நேர்மின் எதிர்த்துகள்) மோதுவியில், 100 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டிய துகள் ஒரு சுற்றிலேயே ஏறத்தாழ 3 ஜிகாவை இழந்தது. ஆயினும் புரோட்டானைப்போல எலெக்ட்ரானுக்கு உள்ளுறுப்புகள் இல்லாததால் மோதல் தெளிவாக இருக்கும்; ஹிக்ஸை நுணுக்கமாக அளக்க அதுவே ஏற்றது என்பதால், புதிய வளையத்தின் முதல் கட்டம் எலெக்ட்ரானுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

இழந்த ஆற்றலை ரேடியோ அலைக் குழிவுகள், அதாவது கடந்துபோகும் துகளை மின்புலத்தால் உந்தித்தள்ளும் உள்ளீடற்ற உலோகக் கலங்கள், ஈடுகட்டுகின்றன. நையோபியக் குழிவின் உட்பரப்பில் சிறு பிசிறு இருந்தாலும் அவ்விடம் சூடேறி மீக்கடத்தல் கெட்டுவிடும் என்பதால், குழிவையே நேர்மின்வாயாக்கி, அமிலக் கரைசலில் மின்னோட்டம் செலுத்தி மெருகேற்றுகிறார்கள். ‘சிக்ரி’ எனப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உள்ள காரைக்குடிக்கு இது புதிதல்ல: முலாம் பூசும்போது படியும் உலோகம் இங்கே கரைகிறது, அவ்வளவுதான்.

இரண்டு தடைகளையும் தளர்த்தக்கூடியது, எலெக்ட்ரானின் கனமான உறவினரான மியூவான் என்ற துகள் என்பது என் கருத்து. எலெக்ட்ரானைவிட 207 மடங்கு நிறையுள்ள அது கதிர்வீச்சில் இழப்பது மிகக் குறைவு. உள்ளுறுப்புகளும் இல்லாததால் முழு ஆற்றலும் மோதலுக்கே போகும், சிறிய வளையமே போதும். ஆனால் ஓய்வுநிலையில் அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோவினாடிதான். 5 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டில் சார்பியல் விளைவால் அது பத்தில் ஒரு பங்கு வினாடியாக நீளும். 10 கிலோமீட்டர் வளையத்தில் மூவாயிரம் சுற்றுகளுக்கு அது போதும். அந்த வேகத்தை எட்டுமுன், சிதறிப் பிறக்கும் மியூவான்களைக் குளிர்வித்து ஒரே கற்றையாக ஒடுக்கியாக வேண்டும். அதுதான் இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை.