பூட்டுச் சிப்பை ஊமையாக்காதீர்கள், மாற்றுங்கள்: சூப்பர் நிண்டெண்டோ கன்சோலில் ஒரு வீட்டு வேலை

ஐரோப்பிய சூப்பர் நிண்டெண்டோ விளையாட்டுக் கன்சோலில் ஜப்பானியக் கார்ட்ரிட்ஜை (விளையாட்டு அடங்கிய பெட்டியை) செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். கார்ட்ரிட்ஜில் பழுதில்லை, கன்சோலிலும் இல்லை. உள்ளே இருக்கும் ஒரு சிறு சிப், பிராசஸரை ஓடவிடாமல் அதன் ரீசெட் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சிப்பின் பெயர் சிஐசி. கன்சோலுக்குள் ஒன்று, ஒவ்வொரு கார்ட்ரிட்ஜுக்குள்ளும் ஒன்று. கன்சோலில் இருப்பது பூட்டு, கார்ட்ரிட்ஜில் இருப்பது சாவி. அமெரிக்க, ஜப்பானியக் கன்சோல்களில் எஃப்411, கார்ட்ரிட்ஜ்களில் டி411. ஐரோப்பாவில் எஃப்413, டி413. அமெரிக்காவும் ஜப்பானும் ஒரே 411 வகைதான். அவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது வெறும் பிளாஸ்டிக்: அமெரிக்கக் கன்சோலின் செருகுவாயில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பற்களைக் கத்தரித்தால் ஜப்பானியக் கார்ட்ரிட்ஜ் உட்கார்ந்துவிடும். அந்த ஜோடிக்குச் சிப் வேலையே வேண்டாம். 411-க்கும் 413-க்கும் இடையில்தான் உண்மையான சுவர்.

பூட்டும் சாவியும் ஷார்ப் நிறுவனத்தின் 4-பிட் மைக்ரோகண்ட்ரோலர் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் ஓடுவது ஒரே கணக்கு. கன்சோலை ஆன் செய்ததும் பூட்டு ஒரு நான்கு பிட் எண்ணைச் சாவிக்கு அனுப்பும். அதை விதையாக வைத்து இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டு, விடையைப் பிட் பிட்டாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். எதிராளி அனுப்பும் பிட், தன் கணக்கில் வந்த பிட்டோடு ஒத்துப்போகிறதா என்று இரு பக்கமும் பார்க்கும். விளையாட்டு ஓடும்வரை இந்தப் பேச்சு ஓயாது. பிராந்தியம் மாறினால் கணக்கில் வரும் எண்கள் மாறும். ஒரு பிட் பிசகினாலும் பூட்டு ரீசெட்டைப் பிடித்துவிடும்.

இதில் நேரம்தான் உயிர். ஒலிப் பகுதியின் 24.576 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை எட்டால் வகுத்துக் கிடைக்கும் 3.072 மெகாஹெர்ட்ஸ்தான் இரண்டு சிப்புக்கும் கடிகாரம். நான்கு துடிப்புக்கு ஒரு கட்டளை. அதாவது ஒரு கட்டளைக்கு 1.3 மைக்ரோவிநாடி. கம்பியில் பிட் எப்போது நிற்கும், எப்போது படிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கத் தனிச் சமிக்ஞை கிடையாது. இருவரும் ஒரே அடியில் நடப்பதால் மட்டுமே பேச்சு நடக்கிறது.

பழைய வழி சுலபம்: பூட்டுச் சிப்பின் நான்காம் காலைத் தூக்கிவிடுவது. ‘நீ பூட்டா, சாவியா’ என்று சிப்புக்குச் சொல்லும் கால் அது. தூக்கியதும் பூட்டு தன்னையே சாவி என்று நினைத்துக்கொண்டு ரீசெட்டை விட்டுவிடும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அரைகுறை வேலை. எஸ்ஏ-1 போன்ற துணைச் சிப் உள்ள கார்ட்ரிட்ஜ்களில் சாவி அந்தச் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. எதிரே பூட்டு பேசாவிட்டால் அது வேலை செய்ய மறுக்கும். சூப்பர் மாரியோ ஆர்பிஜி ஓடாமல் போவது இதனால்தான். பூட்டை ஊமையாக்காமல், எல்லாப் பிராந்தியத்தாரோடும் பேசத் தெரிந்த வேறொரு பூட்டை வைப்பதே சரியான தீர்வு.

அந்த வேலையைச் செய்யும் இலவச நிரலின் பெயர் சூப்பர்சிஐசி. அது ஓடுவது பிஐசி16எஃப்630 என்ற 14 கால் மைக்ரோகண்ட்ரோலரில். இந்தச் சிப்பும் நான்கு துடிப்புக்கு ஒரு கட்டளைதான் ஓட்டும். ஆகவே அதே 3.072 மெகாஹெர்ட்ஸை இதற்கும் கொடுத்தால் பழைய சிப்போடு அடி பிசகாமல் நடக்கும். மிச்ச நேரத்தை வெற்றுக் கட்டளைகள் நிரப்பும். சாவி எந்தப் பிராந்தியம் என்று தானே கண்டுபிடித்து அதன்படி பேசும். சாவியே இல்லாத கார்ட்ரிட்ஜையும் ஓடவிடும்.

தேவையானவை: கன்சோலின் தனிவகைத் திருகுகளுக்கான 4.5 மி.மீ. கேம்பிட் திருப்புளி (கார்ட்ரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் 3.8 மி.மீ.), சிப்பில் நிரலை ஏற்றும் பிக்கிட் போன்ற புரோகிராமர், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, மூன்று கால் இருநிற எல்இடி, 470 ஓம் முதல் 1 கிலோ ஓம் வரையிலான ரெசிஸ்டர் இரண்டு, 30 கேஜ் மெல்லிய கம்பி, ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் ஃபிளக்ஸ். முதலில், அந்தக் கன்சோலுக்குரிய கார்ட்ரிட்ஜ் ஒன்று சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே பழுதான கன்சோலில் சிப்பை மாற்றிவிட்டுக் குற்றத்தை எதன்மேல் போடுவது என்று தெரியாமல் திண்டாடுவது சகஜம்.

பிஐசி சிப்பில் நிரலை ஏற்றும் வேலையைக் கம்பி இணைக்கும் முன்பே முடியுங்கள். வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சிப்பைத் தானே மீளத் தொடங்கவைக்கும் டைமர்) அணைந்திருக்க வேண்டும், கடிகாரம் வெளியிலிருந்து வருவதாக இருக்க வேண்டும், பிஐசியின் நான்காம் கால் ரீசெட்டாக இல்லாமல் சாதாரண உள்ளீடாக இருக்க வேண்டும். அழிக்கும்போது ‘அளவுத்திருத்த எண் போய்விட்டது’ என்று சில புரோகிராமர்கள் அலறும். அந்த எண் சிப்பின் உள் ஆசிலேட்டருக்கானது. இங்கே அதைப் பயன்படுத்துவதே இல்லை.

பழைய சிப்பைக் கழற்றும் இடத்தில்தான் கன்சோல்கள் பாழாகின்றன. கால்களுக்கு நடுவே இடைவெளி 1.27 மி.மீ. ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கி நெம்பினால், இன்னொரு பக்கத்தில் ஈயம் இறுகியே இருக்கும். கால் வராது, பலகையிலிருந்து செம்புத் திட்டுதான் உரிந்து வரும். சூட்டுக்காற்றுக் கருவி இல்லாதவர்களுக்கு நல்லது பிஸ்மத் கலந்த தாழ்வெப்ப ஈயம். அதை இரு வரிசைக் கால்களிலும் தாராளமாகத் தடவி, அயர்னை மாறி மாறி ஓட்டினால் எல்லாக் கால்களும் ஒன்றாக உருகிக் கிடக்கும். சிப்பைத் தள்ளினாலே நகரும். பிறகு அந்தக் கலவையைத் துடைத்து, சாதாரண ஈயத்தைப் பூசுங்கள். பிஸ்மத் மிச்சமிருந்தால் புதிய இணைப்பு சீக்கிரம் விரிசல் விடும்.

இனி எட்டுக் கம்பிகள்: 5 வோல்ட், தரை (கிரவுண்ட்), கடிகாரம், தரவு இரண்டு, ரீசெட் பொத்தானிலிருந்து வருவது, சாவியை ரீசெட் செய்வது, கன்சோலை ரீசெட் செய்வது. பிஐசியில் 5 வோல்ட் 1-ஆம் காலுக்கு, தரை 14-க்கு, கடிகாரம் 2-க்கு. மற்றவற்றுக்கு நிரலோடு வரும் வரைபடத்தைப் பாருங்கள். கெப்பாசிட்டர் 1-க்கும் 14-க்கும் நடுவே, சிப்பை ஒட்டியே இருக்கட்டும். கடிகாரக் கம்பி எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

அடுத்த தடை படத்தின் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பது. சில விளையாட்டுகள் கன்சோல் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று தாங்களே படித்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் எச்சரிக்கை போட்டு நின்றுவிடும். இதற்குப் படத்தை உருவாக்கும் இரண்டு சிப்புகளில், பிபியு1 சிப்பின் 24-ஆம் காலையும் பிபியு2 சிப்பின் 30-ஆம் காலையும் பலகையிலிருந்து தூக்கி, இரண்டையும் சேர்த்துப் பிஐசியின் 50/60 வெளியீட்டில் கொடுக்க வேண்டும். 5 வோல்ட் வந்தால் 50, தரை என்றால் 60. காலைத் தூக்க, அதன் அடியில் மெல்லிய ஊசியை நுழைத்து, ஈயம் உருகும் கணத்தில் லேசாக நிமிர்த்துங்கள். நெம்பினால் கால் ஒடியும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் படம் உருண்டு கலையும். எல்லாம் ஒரே சிப்பில் அடங்கிய பிற்காலப் பலகைகளுக்கு இந்தக் கால் எண்கள் பொருந்தாது.

ஐரோப்பியக் கன்சோலை 60-க்கு மாற்றினாலும் அதன் முதன்மைக் கடிகாரம் 21.281 மெகாஹெர்ட்ஸிலேயே இருக்கும். அமெரிக்கக் கன்சோலில் அது 21.477. அதனால் கிடைப்பது 60.1 ஹெர்ட்ஸ் அல்ல, ஏறத்தாழ 59.55. விளையாடும்போது இந்த ஒரு சதவீதம் தெரியாது. ஆனால் சாதாரண மஞ்சள் வீடியோ கேபிளில் நிறம் போய்விடலாம். ஆர்ஜிபி கேபிளில் அந்தத் தொல்லை இல்லை.

ஆன் செய்ததும் கறுப்புத் திரையா? மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்துப் பிஐசியின் 2-ஆம் காலைத் தொடுங்கள். கடிகாரம் ஓடினால் சராசரியாக 2.5 வோல்ட் அருகே காட்டும். 0 அல்லது 5 என்று நின்றால் கம்பி பிடிக்கவில்லை. கடிகாரம் இருந்தும் எல்இடி எரியாவிட்டால் நிரல் ஏறவில்லை, அல்லது எல்இடி தலைகீழ். எல்இடி எரிந்து, எஸ்ஏ-1 கார்ட்ரிட்ஜ் மட்டும் அடம்பிடித்தால் தரவுக் கம்பிகள் இரண்டும் இடம் மாறியிருக்கும். மற்றக் கார்ட்ரிட்ஜ்கள் ஓடுவதால் இதைப் பலர் மாதக்கணக்கில் கவனிப்பதே இல்லை. மூடும் முன் எஸ்ஏ-1 கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, பிறகு திருகுகளை முடுக்குங்கள்.