‘ஷி வெரி டயர்ட்’: நடுவில் இருந்த இஸ் எங்கே போனது?

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் மகன் பரீட்சைத் தாளில் ‘ஷி இஸ் வெரி டயர்ட்’ என்று ஒழுங்காக எழுதுகிறானாம், ஆனால் வாயைத் திறந்தால் ‘ஷி வெரி டயர்ட்’தானாம். வீட்டில் தமிழ் பேசுவதால் வந்த வினை இது, கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்கள் என்று டியூஷன் டீச்சர் சொல்லிவிட்டாராம். நிறுத்தத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் அந்த இஸ் அங்கே என்ன வேலை பார்க்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

பள்ளிப் பாடம்தான், வேகமாகப் போய்விடலாம். ஆங்கில வாக்கியத்துக்குக் காலம் காட்டும் வினை ஒன்று கட்டாயம் வேண்டும். ஹங்ரி, ஹேப்பி, டயர்ட் போன்ற பெயரடைகளுக்கு அந்தத் திராணி கிடையாது. ஹங்ரி என்ற சொல்லை எப்படித் திருப்பினாலும் நேற்றுப் பசித்ததா இப்போது பசிக்கிறதா என்று அது சொல்லாது. அதனால் ‘பி’ என்ற வினை நடுவில் புகுந்து காலத்தைச் சுமக்கிறது. முன்னால் நிற்கும் பிரதிப்பெயர் ஐ என்றால் அது ‘ஏம்’ ஆகிறது, ஷி என்றால் இஸ், தே என்றால் ஆர், நேற்றைய கதை என்றால் வாஸ் அல்லது வெர். பெயரடை மட்டும் யாருக்காகவும் மாறாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இப்போது பழியைத் தமிழ் மேல் போடலாமா என்று பாருங்கள். ‘அவள் நல்ல’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் பேச்சை முடிக்காது. ‘நல்லவள்’ என்று ‘அவள்’ வந்து பெயரடையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ‘சோர்வாக இருக்கிறாள்’ என்று இரு என்ற வினை வர வேண்டும். பழந்தமிழில் ‘கரியன்’, ‘கரியேன்’ என்று பண்புச் சொல்லே ஆளைக் காட்டும் வால் வைத்துக்கொண்டு வினைமுற்றாக நிற்கும். தொல்காப்பியம் இதை வினைக்குறிப்பு என்று வினையிலேயே சேர்த்துவிட்டது. ‘அவள் டீச்சர்’ என்று வினையே இல்லாமல் நாமும் முடிக்கிறோம், உண்மைதான், ஆனால் அது பெயர்ச்சொல்லுக்கு. ‘சோர்வாக’, ‘நல்லா’ என்று வந்தால் பேச்சுத்தமிழ்கூட வினையை விடுவதில்லை. ‘நல்லா இருக்கு’ நசுங்கி ‘நல்லாருக்கு’ ஆகிறதே தவிர அந்த ‘ருக்கு’ எங்கேயும் போய்விடவில்லை.

விடுகிற மொழிகள் கோலாலம்பூரில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. மலாயில் ‘டியா பெனாட்’, அவள் சோர்வு, அவ்வளவுதான், முழு வாக்கியம். மாண்டரினில் ‘தா ஹென் லெய்’. இதில் ஹென் என்பதற்கு அகராதி ‘மிக’ என்று சொல்லும், ஆனால் பல இடங்களில் அதற்கு அந்த அழுத்தம் கிடையாது, பெயரடைக்கு முன்னால் சும்மா வந்து நிற்கும். நம் ஊர் ஆங்கிலத்தில் வெரி இவ்வளவு மலிந்து கிடப்பதில் அந்த ஹென்னுக்குப் பங்கு இருக்கிறது என்பது என் சந்தேகம்.

ஆனால் மலாயும் சீனமும் மட்டும் காரணமென்றால் இஸ் எல்லா இடத்திலும் காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. மாமாக் சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்குக் காது கொடுங்கள். ‘ஷி வெரி டயர்ட்’ என்று சொன்ன அதே வாய், அடுத்த நிமிடம் ‘ஐ டோன்ட் நோ வேர் ஷி இஸ்’ என்று முழுசாகச் சொல்லும். ‘ஐ டோன்ட் நோ வேர் ஷி’ என்று நிறுத்தியவரை நான் கேட்டதே இல்லை. ஒரே இஸ், ஓரிடத்தில் விழுகிறது, இன்னோரிடத்தில் விழ மறுக்கிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இங்கிலாந்துக்காரரோ அமெரிக்கரோ சாதாரணப் பேச்சில் ‘ஷி இஸ் டயர்ட்’ என்று நிறுத்தி நிதானமாகச் சொல்வதில்லை. ‘ஷீஸ் டயர்ட்’ என்பார்கள். முழுச் சொல்லாக இருந்தது உயிரெழுத்தை இழந்து, முன்னால் உள்ள பிரதிப்பெயரின் முதுகில் ஒட்டிய ஒரு சன்னமான ஸ் ஒலியாகிவிடுகிறது. உடனே அடுத்த சொல்லின் மெய்யெழுத்து வந்து மோதுகிறது. பஸ்ஸைக்கூடப் ‘பஸ்ஸு’ என்று உகரம் போட்டு ஆற்றுப்படுத்துகிற காது நம்முடையது, இந்த ஸ் அதில் தங்குவது சிரமம். ஆனால் ‘வேர் ஷி இஸ்’ என்பதைச் சுருக்கி ‘வேர் ஷீஸ்’ என்று ஆங்கிலேயரும் முடிக்க முடியாது. இஸ்ஸுக்குப் பின்னால் வரவேண்டியது முன்னாலேயே வேர் ஆகப் போய்விட்டதால், அந்த இடம் காலியாகி, இஸ் தன் முழு உயிரோடு நிற்கிறது. சுருங்காத இஸ் காதில் விழுகிறது, காதில் விழுந்தது வாயில் வருகிறது.

இதை முதலில் விதியாக எழுதிக் காட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ், 1969-இல். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக் கறுப்பின இளைஞர்களின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ‘ஹி டயர்ட்’ என்ற அவர்கள் பேச்சைச் சோம்பேறித்தனம் என்று பலர் தள்ளிவைத்திருந்த காலம் அது. பொது ஆங்கிலம் எங்கெல்லாம் இஸ்ஸைச் சுருக்க முடியுமோ அங்கெல்லாம் அவர்களால் அதை விட முடிகிறது, எங்கே சுருக்க முடியாதோ அங்கே விடவும் முடிவதில்லை என்று அவர் காட்டினார். அசந்துபோய் விட்டதல்ல, இலக்கணப்படி விட்டது. வாஸ் சுருங்காது, அதனால் அந்த இளைஞர்கள் பேச்சில் வாஸ் பத்திரமாக இருந்தது.

நம் ஊர்க் கதை இங்கேதான் பிரிகிறது. ‘யெஸ்டர்டே ஷி வெரி டயர்ட்’ என்பதும் இங்கே கேட்கக்கூடியதே. சுருங்காத வாஸ் எப்படி விழுந்தது? ‘செமாலாம் டியா பெனாட்’ என்ற மலாய் வாக்கியத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நேற்று என்று ஒரு சொல் சொல்லியாயிற்று, காலக் கணக்கு தீர்ந்தது, வினை எதற்கு? ஆக இஸ் விழ இரண்டு வழி, சன்னமான ஒலி ஒன்று, அக்கம்பக்கத்து மொழியின் பழக்கம் இன்னொன்று. இரண்டிலும் வீட்டுத் தமிழுக்குப் பங்கு இருந்தால் அது அந்த உகரம் போடும் காது மட்டும்தான்.

ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தைகளுக்கும் இது எளிதல்ல. ஹார்வர்டின் ராஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து 1973-இல் புத்தகமாக்கினார். 14 இலக்கணக் கூறுகள் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்த்தபோது, சுருக்க முடியாத இடத்து பி-வினை ஏழாவதாக வந்தது, சுருங்கக்கூடிய இடத்து பி-வினை பதின்மூன்றாவது வரை காத்திருந்தது.

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை, ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் கூடவே உட்கார்ந்து எழுதிக்கொள்ளும் பொறுமையும் போதுமானதாக இருந்தது. ஒரே அடுக்குமாடியில் நான்கு மொழி புழங்கும் இந்த ஊரைவிட நல்ல ஆய்வுக்கூடம் வேறெங்கே கிடைக்கும்? பயிற்சி நூல்களுக்குக் கொட்டும் ரிங்கிட்டில் கொஞ்சத்தை நம் பிள்ளைகளின் பேச்சைப் பதிவு செய்ய ஒதுக்கலாம் என்பது என் கட்சி. பேச்சு வர நாக்கில் வசம்பு தேய்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆங்கிலம் வரத் தமிழை நிறுத்துகிறார்கள், நம்பிக்கையின் தரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

செந்தூல் அம்மாவுக்கு: மகன் எழுத்தில் சரியாக எழுதுகிறான் என்றால் விதி அவனுக்குத் தெரியும், வாய்க்குத்தான் பழக்கம் வேண்டும். ஒவ்வொரு தடவையும் குறுக்கே பாய்ந்து திருத்தாமல், ‘இஸ் ஷி டயர்ட்?’ என்று கேள்வியாகக் கேட்டுப் பாருங்கள். கேள்வியில் இஸ் வாக்கியத்தின் தலையில் முழுசாக நிற்கும், ‘யெஸ், ஷி இஸ்’ என்ற பதிலிலும் அதைச் சுருக்க வழியில்லை. அவன் ‘யா லா’ என்று மட்டும் பதில் சொன்னால், இன்னொரு கேள்வி கேளுங்கள்.