சொல்லுக்கு முன்னால் விரல்

"ஒன்றிலிருந்து ஐம்பது வரை தப்பில்லாமல் சொல்கிறான். ஆனால் என்னை ஒரு தடவைகூட அம்மா என்று கூப்பிட்டதில்லை." பேச்சுப் பயிற்சிக்கு வரும் தாய்மார்கள் பலர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். நான் திருப்பிக் கேட்பது சொற்களைப் பற்றி அல்ல: "எதையாவது விரல் நீட்டிக் காட்டுகிறானா?"

விரல் நீட்டுவதில் இரண்டு வகை உண்டு. அலமாரி மேலிருக்கும் பந்து வேண்டும் என்று காட்டுவது ஒன்று. மேலே போகும் விமானத்தைக் காட்டிவிட்டு, 'நீயும் பார்த்தாயா?' என்பதுபோல் நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் பெரும்பாலும் தாமதமாவது இந்த இரண்டாவதுதான். வேண்டியதைக் கேட்கக்கூட சிலர் விரல் நீட்ட மாட்டார்கள். நம் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பொருளின் மேல் வைப்பார்கள்.

12 மாதத்தில் மழலை ஒலியோ சைகையோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, 24 மாதத்தில் சொந்தமாக இரண்டு சொல் சேர்க்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது. காது கேட்கிறதா என்ற பரிசோதனையும் கட்டாயம். "அவங்க அப்பாவே லேட்டாதான் பேசினார்" என்ற சமாதானத்தில் ஒரு வருடம் போய்விடுகிறது.

அப்புறம், எதிரொலிப் பேச்சு, அதாவது கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது. தாகம் எடுத்தால் குழந்தை நம்மிடம் "தண்ணி வேணுமா?" என்று கேட்கும். 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதை அடக்கத்தான் பார்த்தேன். அது என் தப்பு. இந்தக் கேள்வி காதில் விழுந்தபோதெல்லாம் தண்ணீர் வந்திருக்கிறது; குழந்தையின் கணக்கில் கேட்கும் முறையே அதுதான். கிளிப்பிள்ளை என்று தள்ளாமல், "தண்ணி வேணும்" என்று குழந்தையின் இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே கொடுங்கள். வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கும் பட அட்டை பழக்கினால் பேச்சு வராமலே போகும் என்ற பயமும் வேண்டாம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

வீட்டில் செய்ய ஒன்று: சோப்புக் குமிழி நாலைந்து ஊதிவிட்டு மூடியை இறுக்கி மூடுங்கள். "'இன்னும்'னு சொல்லு" என்று கேட்காமல் பத்து நொடி சும்மா இருங்கள். ஒரு பார்வை, ஒரு முனகல், உங்கள் கையில் ஒரு தட்டல், எது வந்தாலும் சரி, உடனே ஊதுங்கள். அந்தப் பத்து நொடி சும்மா இருப்பதுதான் பெற்றோருக்குக் கஷ்டம். ஐந்தாவது நொடியிலேயே ஊதிவிடுவார்கள்.