ஜூலை மாதக் குறையை மார்ச்சிலேயே பார்ப்பது எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்களுக்குக் கையில் காசு வருவது கார் அறுப்பிலும் பிசான அறுப்பிலும்தான். செலவோ மாதாமாதம். போனில் இருக்கிற பட்ஜெட் செயலிகள் எல்லாம் சம்பளக்காரர்களுக்குச் செய்தவை போலிருக்கின்றன. வேறு வழி உண்டா?"

உண்டு. கறுப்புத் திரையில் கட்டளை தட்டி ஓட்டும் கணக்கு மென்பொருள்கள். ஜான் வீக்லி 2003-இல் வெளியிட்ட லெட்ஜர் இதில் மூத்தது. அதைப் பார்த்து 2007-இல் சைமன் மைக்கேல் தொடங்கியது எச்லெட்ஜர். இரண்டும் இலவசம். இங்கே எச்லெட்ஜரை வைத்துச் சொல்கிறேன். கணக்கு முழுவதும் ஒரு சாதாரண உரைக்கோப்புதான், நோட்பேடில் திறந்து படிக்கலாம். நாம் கேள்வி கேட்டால் மென்பொருள் அதை மேலிருந்து கீழே படித்து, கூட்டிச் சொல்லும்.

ஒரு பதிவு இப்படி இருக்கும்:

2026-03-02 பிசான நெல் விற்பனை
    சொத்து:வங்கி      90000
    வருமானம்:நெல்    -90000

பிளஸ் ஒன் வணிகவியலில் படித்த இரட்டைப் பதிவு முறைதான் இது. 1494-இல் லூக்கா பாசியோலி வெனிசில் அச்சிட்ட கணிதப் புத்தகத்திலேயே விளக்கப்பட்டது. பற்று, வரவு என்பதற்குப் பதில் இங்கே கூட்டல், கழித்தல் குறிகள். வருமானத்துக்கு ஏன் கழித்தல் குறி என்று எல்லோரும் கேட்பார்கள். தாமிரபரணியின் கன்னடியன் அணையில் ஆற்றிலிருந்து குறைந்த தண்ணீர் கால்வாயில் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? அதுபோல ஓரிடத்தில் ஏறினால் இன்னோரிடத்தில் இறங்க வேண்டும், மொத்தம் பூஜ்யம். பூஜ்யம் வராவிட்டால் மென்பொருள் எந்த வரியில் தப்பு என்று காட்டிவிட்டு நின்றுவிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. கணக்கின் பெயருக்கும் தொகைக்கும் நடுவே குறைந்தது இரண்டு இடைவெளி விட வேண்டும். 'கூட்டுறவு வங்கி' என்று பெயருக்குள்ளேயே ஓர் இடைவெளி வரலாம் என்பதால், பெயர் எங்கே முடிகிறது என்பதை அந்த இரண்டாவது இடைவெளியை வைத்துத்தான் அது கண்டுபிடிக்கிறது.

சரி, இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். தேதி இருக்க வேண்டிய இடத்தில் அலைக்குறி ஒன்றைப் போட்டால் அது பதிவு அல்ல, விதி:

~ மாதந்தோறும் 2026-04-01 முதல்  வீட்டுச் செலவு
    செலவு:வீடு      12000
    சொத்து:வங்கி   -12000

கணக்குப் பெயர்கள் தமிழிலேயே இருக்கலாம். 'மாதந்தோறும் 2026-04-01 முதல்' என்பதை மட்டும் நிஜக் கோப்பில் 'monthly from 2026-04-01' என்று ஆங்கிலத்தில் எழுத வேண்டும். இந்த விதி சும்மா கிடக்கும். வழக்கமான அறிக்கையில் தலைகாட்டாது. 'பட்ஜெட்' என்று கேட்டால் அதுவே அளவுகோல் ஆகிவிடும்: ஏப்ரலில் 13,450 செலவழித்திருந்தால், 12,000-இல் 112 சதவீதம் என்று பக்கத்தில் காட்டும். 'முன்கணிப்பு' என்று கேட்டால் அதே மூன்று வரிகள் ஏப்ரல் 1, மே 1, ஜூன் 1 என்று பதிவுகளாக முளைக்கும். கோப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. கேட்கும்போது பிறந்து, அறிக்கை முடிந்ததும் மறைந்துவிடும். எதிர்காலத்துக்கென்று தனிச் சூத்திரமும் இல்லை. நிஜப் பதிவைக் கூட்டும் அதே இயந்திரம் இல்லாத பதிவையும் கூட்டுகிறது. இப்படி எளிமையாக யோசித்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

வாசகரின் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் நானாக வைத்தவை. மார்ச் செலவு போக வங்கியில் 90,000. மாதம் 12,000 வீட்டுக்கு. ஏப்ரல் 10 முதல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின் கட்டணம் 1,500. மே 5-இல் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி 3,000. ஜூன் 3-இல் பள்ளிக் கட்டணம் 22,000. ஜூன் 15-இல் கார் சாகுபடிக்கு உழவும் நடவுமாக 15,000. வங்கி இருப்பை மார்ச் மாதமே கேட்டால் ஜூன் 15-இல் 11,000 என்று காட்டும். ஜூலை 1-இல் கழித்தல் 1,000.

ராசிபலனில் 'எதிர்பாராத செலவு' என்று போடுகிறார்கள். கொடை வருடா வருடம் வருகிறது, பள்ளி ஜூனில் திறக்கிறது; இதில் எதிர்பாராதது எது? வெள்ளிக்கிழமை விளக்கு வைத்தபின் காசு கொடுக்கக் கூடாது என்பதும் இந்த மென்பொருளுக்குத் தெரியாது. மே 1 வெள்ளிதான், 12,000-ஐ அது பாட்டுக்குக் கழித்துவிட்டுப் போகிறது. பிள்ளைகளுக்கு அரசு மடிக்கணினி கொடுத்தது நல்ல காரியம். அதில் இதையும் ஏற்றி வணிகவியல் வகுப்பில் ஒரு பாடவேளை ஓட்டிக் காட்டியிருந்தால் பேரேடு ஏன் என்பது பலருக்குப் புரிந்திருக்கும்.

முன்கணிப்பு எங்கே தொடங்கும் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நாம் தேதி சொல்லாவிட்டால், கடைசி நிஜப் பதிவுக்கு மறுநாளிலிருந்து தொடங்கும். ஏப்ரல் 1-இன் நிஜச் செலவை எழுதியதும் அன்றைய கற்பனைச் செலவு தானாக விலகிவிடும், இரட்டிப்பாகாது. ஆனால் அதை எழுத மறந்து, ஏப்ரல் 3-இல் டீக்கடைச் செலவை மட்டும் எழுதினால் நிஜமும் இருக்காது, கற்பனையும் இருக்காது. இருப்பு 12,000 கூடுதலாகத் தெரியும். அதனால் அவ்வப்போது பாஸ்புக் இருப்பைச் சமக்குறி போட்டுக் கோப்பில் எழுதிவைக்க வேண்டும். பொருந்தாவிட்டால் மென்பொருள் சண்டைக்கு வரும்.

முடிவும் அப்படித்தான். தேதி சொல்லாவிட்டால் இன்றிலிருந்து 180 நாளில் நின்றுவிடும். மார்ச் 3-இல் கேட்டால் ஆகஸ்ட் 30 வரை. கடைசியாகத் தெரிவது கழித்தல் 14,500. சம்பளக்காரருக்கு அது போதும். கார் நெல் புரட்டாசியில்தான் காசாகும் என்றால் செப்டம்பர் 1-இல் பள்ளம் 26,500 ஆகிவிடும், அது அறிக்கையிலேயே வராது. ஆகவே முடிவுத் தேதியை நவம்பர் 1 என்று நாமே கொடுக்க வேண்டும்.

மழையும் அணைத் தண்ணீரும் எப்படி இருக்கும் என்று இந்த மென்பொருள் சொல்லாது. கார் விற்பனையை இரண்டு தனிக் கோப்புகளில் விதியாக எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்றில் செப்டம்பர் 25, முழு விளைச்சல்; இன்னொன்றில் அக்டோபர் 20, பாதி விளைச்சல். முதன்மைக் கோப்போடு ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டிலும் ஜூலை 1-இல் கழித்தல் 1,000 மாறாது. மாறுவது, அந்தக் குறைக்காக வாங்கும் நகைக்கடனை எப்போது திருப்ப முடியும் என்பதுதான்.