காயின் விலை நிஜமாகவே ஏறுகிறதா? முதல் இலக்கத்தைக் கேளுங்கள்

திருமங்கலத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மச்சினன் ஏதோ ஒரு கிரிப்டோ காயின் வாங்கியிருக்கான் சார். ஒரே வாரத்துல மூணு மடங்கு ஏறிடுச்சு, வால்யூமும் எகிறியிருக்கு, அதனால இது நிஜமான ஏற்றம்தான்னு சாதிக்கிறான். நிஜமா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நாளைக்கு விலை ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியாது. சனிப் பெயர்ச்சிக்கும் பிட்காயினுக்கும் முடிச்சுப் போட்டு யூடியூபில் பலன் சொல்கிறவர்களுக்கும் தெரியாது. ஆனால் மச்சினன் நம்பியிருக்கும் அந்த வால்யூம், அதாவது ஒரு நாளில் கை மாறியதாகக் காட்டப்படும் அளவு, புளுகா என்று சோதிக்க ஒரு அருமையான வழி இருக்கிறது. புள்ளியியல் பாடம் நடத்திப் பிழைக்கிற எனக்கு இதில் தனி ஆசை.

அடிப்படையை வேகமாகத் தாண்டிவிடுவோம். ஒரு காயினின் விலை என்று திரையில் தெரிவது கடைசியாக நடந்த ஒரே ஒரு வியாபாரத்தின் விலை. ஒரு காயினில் மொத்தம் 100 கோடி டோக்கன், அதாவது 100 கோடி அலகு, இருக்கிறது, அதில் பத்தே பத்து டோக்கன் 5 ரூபாய்க்குக் கை மாறியது என்றால், "மொத்த மதிப்பு 500 கோடி" என்று திரை சொல்லும். மீதியை அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்கிறதா என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது. அதனால்தான் எல்லோரும் வால்யூமைப் பார்க்கிறார்கள். ஏமாற்றுகிறவர்களும் அங்கேதான் கை வைக்கிறார்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மல்லி விலை ஏறினால் அதற்குக் காரணம் கண்ணில் படும். பூ வாங்கக் கூட்டம் நிற்கும், மூட்டை வெளியே போகும். அதற்குப் பதிலாக இரண்டு வியாபாரிகள் ஒரே மூட்டையை 800-க்கு, 1200-க்கு, 2000-க்கு என்று தங்களுக்குள்ளேயே மாற்றி மாற்றி பில் போட்டால்? விலையும் ஏறும், விற்பனைக் கணக்கும் ஏறும், மூட்டை மட்டும் இருந்த இடத்தை விட்டு நகராது. காயின் உலகில் இதற்கு வாஷ் டிரேடிங் என்று பெயர். இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையவை. பெரும்பாலும் ஒரு பாட் நிரல், அதாவது ஆள் இல்லாமல் தானாக ஓடும் கணினி நிரல், தனக்குத் தானே விற்று வாங்கிக்கொண்டிருக்கும். சில எக்ஸ்சேஞ்சுகளே, அதாவது காயின்கள் கை மாறும் இணையச் சந்தைகளே, இதைச் செய்வதுண்டு. வால்யூம் அதிகமாகத் தெரிந்தால் தரவரிசையில் மேலே வரலாம், புது ஆட்களைப் பிடிக்கலாம்.

எல்லாம் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்குப் பேரேட்டில் பதிவாகுமே என்பீர்கள். பெரும்பாலான எக்ஸ்சேஞ்சுகளுக்குள் நடக்கும் வியாபாரம் அவர்களுடைய சொந்தக் கணினியில் எழுதப்படும் கணக்கு. காயின் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும்தான் பிளாக்செயின் தலையிடும். 2019-இல் பிட்வைஸ் என்ற நிறுவனம் 81 எக்ஸ்சேஞ்சுகளை ஆராய்ந்து, அறிவிக்கப்பட்ட பிட்காயின் வால்யூமில் சுமார் 95 சதவீதம் போலி என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்திடம் சொன்னது.

சரி, பொய்க் கணக்கை எப்படிப் பிடிப்பது? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது.

1881-இல் சைமன் நியூகோம்ப் என்ற வானியலாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். மடக்கை (லாகரிதம்) புத்தகங்களில் முன்பக்கங்கள் அழுக்கேறித் தேய்ந்திருந்தன, பின்பக்கங்கள் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. (நாம் பள்ளிக்கூடத்தில் புரட்டிய கிளார்க்ஸ் டேபிளில் இது தெரியாது; அதில் லாகரிதம் இரண்டே பக்கம். அவர் காலத்துப் புத்தகங்கள் தடிமனானவை.) முன்பக்கங்களில் இருப்பவை 1-இல் தொடங்கும் எண்கள். அப்படியானால் உலகத்தில் 1-இல் தொடங்கும் எண்களைத்தான் ஜனங்கள் அதிகம் தேடுகிறார்களா? ஆமாம். 1938-இல் ஃபிராங்க் பென்ஃபோர்டு என்ற இயற்பியலாளர் ஆற்றுப் பரப்பளவு, மக்கள்தொகை என்று 20,000-க்கும் மேற்பட்ட எண்களைத் திரட்டி அதையே கண்டார். அவர் பெயரால் வழங்கும் விதிப்படி முதல் இலக்கம் 1 ஆக இருப்பது 30.1 சதவீதம். 2 என்றால் 17.6. அப்படியே இறங்கிப் போய் 9 என்றால் வெறும் 4.6.

ஏன்? 100 ரூபாய் வருடத்துக்கு 10 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100-லிருந்து 200-ஐத் தொட சுமார் 7.3 வருடம் ஆகும். அத்தனை காலமும் அந்தத் தொகையின் முதல் இலக்கம் 1-தான். 200-லிருந்து 300-க்கு 4.3 வருடம் போதும். கடைசியில் 900-லிருந்து 1000-க்கு 1.1 வருடம்தான். தூரம் ஒன்றுதான், எல்லாமே நூறு ரூபாய். ஆனால் 100 இருக்கிறவனுக்கு அந்த நூறு இரட்டிப்பு, 900 இருக்கிறவனுக்கு ஒன்பதில் ஒரு பங்கு. 1000 வந்ததும் முதல் இலக்கம் மறுபடி 1. இனி 2000 வரை இன்னொரு ஏழு வருடக் காத்திருப்பு. மொத்தம் 24.2 வருடத்தில் 7.3 வருடம் எத்தனை சதவீதம் என்று வகுத்துப் பாருங்கள். அதே 30 வந்து நிற்கும்! முதல்முறை இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

ஒரு நிபந்தனை உண்டு. எண்கள் சிறிதிலிருந்து பெரிது வரை பல பத்து மடங்கு விரிந்திருக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு இந்த விதி செல்லாது. நிஜமான காயின் வியாபாரத்துக்குச் செல்லும். ஒருவர் 0.0004 வாங்குவார், இன்னொருவர் 12 வாங்குவார். பல்லாயிரம் பேர் அவரவர் வசதிக்கு வாங்கும்போது அந்த அளவுகளின் முதல் இலக்கம் தானாகவே பென்ஃபோர்டு வரிசைக்கு வந்துவிடும். பாட் நிரலை அவசரமாக எழுதுகிறவன் என்ன செய்வான்? "1-க்கும் 10-க்கும் நடுவில் ஏதாவது ஒரு எண்ணை எடு" என்று எழுதிவிடுவான். 1 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஆளுக்கு 11 சதவீதம் என்று சமமாக வந்து நிற்கும். பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அமெரிக்க, சீன ஆய்வாளர்கள் சிலர் 29 எக்ஸ்சேஞ்சுகளை இந்த விதியால் சோதித்தார்கள். கூடவே இன்னொன்றையும் பார்த்தார்கள்: மனிதர்கள் 0.1, 0.5, 100 என்று முழுசாகப் போடுவார்கள், பாட் நிரலுக்கு 0.37194-ம் ஒன்றுதான், 0.5-ம் ஒன்றுதான். முறையான உரிமம் பெற்ற எக்ஸ்சேஞ்சுகள் தேறின. கட்டுப்பாடற்றவற்றில் சராசரியாக 70 சதவீதத்துக்கும் மேல் வால்யூம் போலி என்று வந்தது.

மச்சினனும் இதைச் செய்யலாம். பல எக்ஸ்சேஞ்சுகள் நடந்த வியாபாரங்களின் பட்டியலை இலவசமாகத் தருகின்றன. சில ஆயிரம் வரிகளை எக்செல்லில் இறக்கி, முன்னால் வரும் பூஜ்யங்களைத் தள்ளிவிட்டு முதல் இலக்கத்தை எண்ணினால் போதும். பத்திருபது வரியை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது.

இதில் தேறினாலே ஏற்றம் கெட்டி என்று ஆகாது. 2021-இல் ஒரு கொரிய வெப் சீரிஸின் பெயரைச் சூட்டிக்கொண்டு வந்த டோக்கன் 2,800 டாலரைத் தாண்டிவிட்டு, சில நிமிடங்களில் பூஜ்யத்துக்குப் போனது. வாங்கியவர்கள் நிஜ மனிதர்கள், நிஜப் பணம். விற்கத்தான் முடியவில்லை. ஆகவே இலக்கத்தை எண்ணுவதற்கு முன்னால் கொஞ்சத்தை விற்று, பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாங்கக் காத்திருக்கும் ஆர்டர்களையும் பார்க்க வேண்டும். தற்போதைய விலைக்கு இரண்டு சதவீதம் கீழே வரை மொத்தமே சில ஆயிரம் ரூபாய்க்குத்தான் ஆள் இருக்கிறது என்றால், மூன்று மடங்கு ஏற்றம் திரையில் மட்டும்தான். இவ்வளவையும் தாண்டி லாபம் வந்தால் அதில் 30 சதவீதம் வரி. வேறொரு காயினில் வந்த நஷ்டத்தை அதில் கழிக்கவும் முடியாது.

கெட்டிக்கார மோசடிக்காரன் பென்ஃபோர்டுக்குப் பொருந்தும்படியே எண்களைத் தயாரிக்கலாம். அதைப் பிடிக்கப் புதுச் சோதனைகள் வேண்டும். அதற்குத் தொலைநோக்கியோ துகள் முடுக்கியோ தேவையில்லை. தரவு சும்மா கிடக்கிறது. ஒரு மடிக்கணினியும், நம் ஊர்ப் புள்ளியியல் மாணவர் ஒருவருக்கு இரண்டு வருட உதவித்தொகையும் போதும். சைபர் குற்றத்தைப் பற்றி விழிப்புணர்வு பேனர் அடிக்க வருடா வருடம் பணம் கிடைக்கிறது. இதற்குக் கேட்டால் மட்டும், இது கணிதத் துறையா வணிகவியல் துறையா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.