பூஜ்யங்களைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள்: அதீத பணவீக்க கால நோட்டுகளைச் சேகரிப்போர் கவனத்துக்கு

பழைய பணத்தாள்களைப் பரிசோதித்து மதிப்பிடுவது என் தொழில். அண்மைக் காலமாக என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே நோட்டைப் பற்றியவை. 2008 என்று ஆண்டு பொறிக்கப்பட்டு, விலைகள் கட்டுக்கடங்காமல் ஏறிய அதீத பணவீக்கத்தின்போது, 2009 ஜனவரியில் ஜிம்பாப்வேயின் மத்திய வங்கி வெளியிட்ட 100 டிரில்லியன் டாலர் நோட்டு அது. நம் கணக்கில் ஒரு கோடி கோடி. கேட்பவர்களில் பலர் அதை வரலாற்றுச் சான்றாகக் கருதி வாங்கியவர்கள் அல்லர். அந்த நாணயம் ஒருநாள் மறுமதிப்பீடு செய்யப்படும், அப்போது கையிலுள்ள கட்டுக்குப் பெருந்தொகை கிடைக்கும் என்ற பேச்சை நம்பிச் சேமிப்பையே அதில் போட்டவர்கள். அந்தப் பேச்சு மோசடி.

2015 ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை ஜிம்பாப்வே அரசு பழைய டாலரைத் திரும்பப் பெற்றது. 2008 வரிசை நோட்டுகளை ரொக்கமாகக் கொண்டுவந்தவர்களுக்கு 250 டிரில்லியனுக்கு ஓர் அமெரிக்க டாலர் வழங்கப்பட்டது. அதாவது 100 டிரில்லியன் நோட்டு ஒன்றுக்கு 40 சென்ட். அத்துடன் அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. 2019-இல் மீண்டும் வந்த ஜிம்பாப்வே டாலருக்கும், 2024 ஏப்ரலில் வந்த 'ஜிக்' நாணயத்துக்கும் பழைய நோட்டுகளோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் இப்படிப் புதிய நாணயச் செய்தி வரும்போதெல்லாம் அதைக் காட்டிப் பழைய கட்டுகளை விற்க ஆட்கள் கிளம்பிவிடுகிறார்கள்.

சேகரிப்புப் பொருளாக அந்த நோட்டுக்கு ஒரு விலை உண்டு. ஆனால் அதைத் தீர்மானிப்பவை அசல்தன்மையும், தாளின் நிலையும், எத்தனை பிரதிகள் எஞ்சியிருக்கின்றன என்பதும்தான். பூஜ்யங்களின் எண்ணிக்கைக்கு அதில் பங்கே இல்லை. ஜெர்மனியின் அன்றைய மத்திய வங்கியான ரைக்ஸ்பாங்க் 1924 பிப்ரவரி 15 தேதியிட்டு வெளியிட்ட நோட்டின் முகமதிப்பும் இதே 100 டிரில்லியன்தான், அது மார்க். முந்தைய நவம்பரிலேயே ரென்டன்மார்க் என்ற புதிய நாணயம் வந்து, ஒரு டிரில்லியன் காகித மார்க்குக்கு ஒரு ரென்டன்மார்க் என்று நிலைப்பட்டிருந்ததால், அந்தத் தாளுக்கு உண்மையான வாங்கும் சக்தி இருந்தது. மதிப்புள்ள பணத்தை யாரும் பெட்டியில் போட்டு மறந்துவிடுவதில்லை என்பதால், இன்று அது மிக அரிது. மாறாக, 1922 டிசம்பர் 15 தேதியிட்ட 1,000 மார்க் நோட்டின் மேல் சிவப்பு மையில் நூறு கோடி மார்க் என்று 1923-இல் மேலச்சு செய்து வெளியிட்ட தாள்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன.

ஜிம்பாப்வே நோட்டில் நான் அடிக்கடி காணும் ஏமாற்று, 'ஏஏ வரிசை, முதல் அச்சு, அபூர்வம்' என்ற விளம்பரம். 100 டிரில்லியன் நோட்டின் வழக்கமான அச்சு முழுவதுமே வரிசை எண்ணுக்கு முன் ஏஏ என்ற எழுத்துகளோடுதான் வந்தது. பழுதான தாள்களுக்கு மாற்றாக அச்சிட்ட இசட்ஏ வரிசையே குறைவு. அந்த நாட்டு நாணயத்தில் 100 டிரில்லியனைவிடப் பெரிய எண் அச்சிட்ட நோட்டு வெளியிடப்படவே இல்லை. ஆகவே குவின்டில்லியன், சென்டில்லியன் என்றெல்லாம் அச்சிட்டு 'பத்திரம்' என்ற பெயரில் வருபவை யாரோ கற்பனையாக அடித்த தாள்கள். தங்க நிறத் தகட்டில் வருபவை வெறும் அலங்காரப் பொருள்கள். அசல் நோட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஜிம்பாப்வே பறவையின் நீர்க்குறி தாளுக்குள்ளிருந்து இளநிழலாகத் தெரியும். போலியில் அது வெளிர்மையால் மேலே அச்சிட்டதாக இருக்கும், வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்காமல் சாய்த்துப் பார்த்தாலே புலப்படும். முன்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் பாறைகளின் விளிம்புக் கோடுகளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒளிநகலில் அவை புள்ளிகளாகச் சிதறிவிடும்.

அசலை வாங்கியவர்களே அதைக் கெடுத்துக்கொள்வதும் நிறைய நடக்கிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். லேமினேஷன் செய்த நோட்டைத் திரும்ப மீட்க முடியாது. செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து மையைப் பற்றிக்கொள்ளும்; அவற்றுக்குப் பதிலாக மைலார் எனப்படும் பாலியெஸ்டர் உறைகளைப் பயன்படுத்த வேண்டும். கழுவி, இஸ்திரி போட்டு மடிப்பை மறைத்த நோட்டைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும், ஏனெனில் அச்சின் மேடும் தாளின் மொரமொரப்பும் அதில் போயிருக்கும்.

ஹங்கேரியின் 1945-ஆம் ஆண்டுப் பெங்கோ நோட்டுகளில் ஒட்டப்பட்டிருக்கும் சிறு முத்திரை வில்லைகளையும் சிலர் அழுக்கென்று நினைத்துத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்கிறார்கள். அந்த டிசம்பரில், 1,000 பெங்கோவும் அதற்கு மேலுமான நோட்டுகளை வைத்திருந்தவர்கள், முகமதிப்பைப் போல் மூன்று மடங்கு செலுத்தி வாங்கி ஒட்டிய வில்லைகள் அவை. ஒட்டாத நோட்டின் மதிப்பு கால் பங்காகக் குறைந்தது. மக்கள் கையிருப்பில் முக்கால் பங்கை அரசு எடுத்துக்கொண்டதற்கான சாட்சி அந்த வில்லைதான். அதனால் அத்தகைய நோட்டு கிடைத்தால் எதையும் உரிக்காமல், துடைக்காமல், கிடைத்த நிலையிலேயே உறையிலிட்டு, யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள்.