அரிடிக் ஹாப்லோசெரெர்ட்: குன்றுக் களிமண்ணின் பெயரைப் பிரித்தால்

கலிஃபோர்னியாவின் கடலோர மலைத்தொடர்களில், புல் மட்டும் படர்ந்த சரிவுகளில் கருஞ்சாம்பல் நிறக் களிமண் ஒன்று உண்டு. பேச்சு வழக்கில் அதற்கு 'அடோபி' என்று பெயர். மண் ஆய்வு ஏடுகளில் அது 'டியாப்லோ தொடர்' (தொடர் என்பது மண் வகைப்பாட்டின் கடைசிப் படி). அமெரிக்க வேளாண்துறையின் மண் வகைப்பாட்டிலோ அதன் முழுப்பெயர் 'ஃபைன், ஸ்மெக்டிடிக், தெர்மிக் அரிடிக் ஹாப்லோசெரெர்ட்ஸ்'. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் அதில் வீணான அசை ஒன்றுகூட இல்லை. பிரித்துப் படிக்கத் தெரிந்தால், குழி வெட்டாமலே அந்த மண்ணின் நடத்தையில் பாதியைச் சொல்லிவிடலாம்.

முதலில் எளிய பெயர்கள். அடோபி ஸ்பானியச் சொல். அரபி மொழியின் 'அத்-தூப்' (செங்கல்) வழியாக ஸ்பானியத்துக்கு வந்தது. அதன் வேர் பழைய எகிப்திய மொழி வரை போகிறது. சுடாத பச்சைச் செங்கல்லையும், அதற்கு ஆகும் மண்ணையும், காய்ந்தால் கல்லாகும் களிமண் எதையும் அது குறிக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆய்வேடுகளில் 'டியாப்லோ களி அடோபி' என்றே எழுதினார்கள். டியாப்லோ என்றால் ஸ்பானியத்தில் பிசாசு. அந்தப் பெயரில் அங்கே ஒரு மலையும் உண்டு. தொடரின் பெயர் ஊர்ப்பெயர் போன்றது. அதை மொழிபெயர்க்கக் கூடாது.

வகைப்பாட்டின் படிகள் மேலிருந்து கீழே: வரிசை, உள்வரிசை, பெருந்தொகுதி, உட்தொகுதி, குடும்பம், தொடர். வகைப்பாட்டுப் பெயரை வாலிலிருந்து படிக்க வேண்டும். கடைசியில் நிற்கும் 'எர்ட்' என்பது 'வெர்டிசால்' என்ற வரிசைப் பெயரின் துண்டு. 'வெர்டெரே' என்றால் லத்தீனில் திருப்புதல், புரட்டுதல். 'சோலும்' என்றால் நிலம். கிரேக்கமும் லத்தீனும் கற்ற பேராசிரியர்களின் துணையோடு ஆக்கப்பட்ட இப்பெயர்கள் 1960இல் வந்த 'ஏழாம் தோராயம்' என்ற வரைவில் வெளியாயின. 1975இல் முழு நூலாக நிலைபெற்றன. அதற்கு முன் இதே மண்ணுக்கு நாட்டுக்கொரு பெயர்: மொராக்கோவில் திர்ஸ், இந்தியாவில் ரேகுர், பால்கன் பகுதியில் ஸ்மோல்னிட்சா. பெரும்பாலும் கறுப்பையோ பிசினையோ சொன்ன பெயர்கள் அவை.

வெர்டிசால் என்று ஒரு மண்ணைச் சொல்ல மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேற வேண்டும். ஒன்று, மேல் 18 செ.மீ.யின் சராசரியிலும், அங்கிருந்து 50 செ.மீ. ஆழம் வரை ஒவ்வொரு அடுக்கிலும் களி 30 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. (பாறை மேலேயே வந்துவிட்டால் அதுவரை பார்த்தால் போதும்.) இரண்டு, வெடிப்புகள் பருவம்தோறும் திறந்து மூட வேண்டும். மூன்று, மேற்பரப்பிலிருந்து 100 செ.மீ.க்குள் தொடங்கும், 25 செ.மீ.யாவது தடிமன் உள்ள ஓர் அடுக்கில் வழுக்குமுகங்களோ, கிடைமட்டத்துக்கு 10 முதல் 60 பாகை சாய்ந்த ஆப்பு வடிவக் கட்டிகளோ இருக்க வேண்டும். நிறம் இந்த நிபந்தனைகளில் இல்லை என்பதைக் கவனியுங்கள். முன்பு இதற்கு அடுத்தடுத்த படிகளில் நிறத்துக்கு இடம் இருந்தது: மங்கிய கருமைக்கு 'பெல்', நிறம் தூக்கலானதற்கு 'க்ரோம்' என்று பெருந்தொகுதிகளையே பிரித்தார்கள். 1990களின் திருத்தத்தில் அந்தப் பிரிவுகள் போயின. இன்று 'க்ரோமிக்' என்ற உட்தொகுதி அடைமொழியாக மட்டும் நிறம் தங்கியிருக்கிறது.

வழுக்குமுகம் என்பது களிப்பாளம் இன்னொரு களிப்பாளத்தின் மேல் அழுந்தி நகர்ந்த தளம். மினுமினுப்பாக இருக்கும், நகர்ந்த திசையில் நேர்கீறல்கள் ஓடும். நனைந்த களி பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் நெருக்குகிறது, மேலே தள்ளப் பார்க்கிறது. அழுத்தம் மண்ணின் உறுதியை மீறும்போது சாய்வாகத் துண்டித்துக்கொண்டு நகர்கிறது. மேல்மண்ணில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே அழுத்தம் வெடிப்புகளுக்குள் தீர்ந்துவிடும். மிக ஆழத்திலும் தெரியாது. அங்கே ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை, மேற்சுமையும் அதிகம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆழத்தில்தான் தேட வேண்டும்.

குழியில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. ஈரக்களியை மண்வெட்டியால் வெட்டினாலே வெட்டுமுகம் பளபளக்கும். அதை வழுக்குமுகம் என்று பதிவு செய்துவிடுவார்கள். கத்திமுனையால் கட்டியை நெம்பி, தானாகப் பிரியும் முகத்தைப் பாருங்கள். கீறல் இருந்தால் மட்டும் எழுதுங்கள். முழுதும் காய்ந்த மண்ணிலும் பார்ப்பது கடினம். ஈரமாகவும் கையில் ஒட்டாமலும் இருக்கும் பதமே சரி.

அடுத்த அசை 'செர்'. கிரேக்கத்தில் 'க்செரோஸ்' என்றால் வறண்டது. ஆனால் வகைப்பாட்டில் இது வெறும் வறட்சியைச் சொல்வதில்லை. குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி என்ற மத்தியதரைக்கடல் வகைப் பருவத்தைச் சொல்கிறது. செரெர்ட் என்ற உள்வரிசையில் கோடைக் கதிர்த்திருப்பத்துக்கு (ஆண்டின் மிக நீண்ட பகல்) பின்வரும் 90 நாளில் 60 நாளாவது வெடிப்புகள் தொடர்ந்து திறந்திருக்க வேண்டும். குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்குப் பின்வரும் 90 நாளில் 60 நாளாவது தொடர்ந்து மூடியிருக்க வேண்டும். 'ஹாப்லோ' என்றால் கிரேக்கத்தில் எளியது, ஒற்றையானது. செரெர்ட்டில் மூன்று பெருந்தொகுதிகள்தாம்: சிலிக்காவால் இறுகிய பாளம் இருந்தால் 'டியூரி', சுண்ணாம்பு திரண்ட அடுக்கு 150 செ.மீ.க்குள் இருந்தால் 'கால்சி', இரண்டும் இல்லாத மிச்சம் 'ஹாப்லோ'. ஆகவே ஹாப்லோ என்று போட்டதால் சுண்ணாம்பே இல்லை என்று கொள்ளாதீர்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டினால் நுரைக்கும் ஹாப்லோசெரெர்ட்டுகள் உண்டு. தனி அடுக்காகத் திரளவில்லை என்பதே பொருள். 'அரிடிக்' என்பது பாலைவனத்தைச் சொல்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். இங்கே அதன் அளவுகோல் வெடிப்புதான்: பாசனமில்லாத நிலத்தில், 5 மி.மீ.க்குக் குறையாத அகல வெடிப்பு, மேல் 50 செ.மீ.க்குள் 25 செ.மீ. தடிமனுக்கு, ஆண்டில் 180 நாளுக்குக் குறையாமல் திறந்திருக்க வேண்டும்.

முன்னால் நிற்கும் மூன்றும் குடும்ப அடைமொழிகள். 'ஃபைன்' என்றால் களி 60 விழுக்காட்டை எட்டவில்லை. 'தெர்மிக்' என்றால் 50 செ.மீ. ஆழத்தில் ஆண்டுச் சராசரி வெப்பம் 15இலிருந்து 22 டிகிரி செல்சியசுக்குள். 'ஸ்மெக்டிடிக்' என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். ஸ்மெக்டைட் களியின் நுண்தகடுகளுக்கு இடையே நீர் புகுந்து அவற்றை விலக்கும். காய்ந்தால் அவை மீண்டும் நெருங்கும். கயோலினைட் களி எவ்வளவு இருந்தாலும் இப்படி நடக்காது. களி விழுக்காட்டை மட்டும் பார்த்து வெர்டிசால் என்று தீர்ப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சுருக்கத்தை அளக்க ஓர் எளிய வழி: மண்ணைப் பசைபோலக் குழைத்து, ஊசிக்குழலிலிருந்து குச்சியாகப் பிதுக்கி, நீளம் அளந்து, காயவைத்து, மறுபடி அளப்பது. குறைந்த நீளத்தைக் காய்ந்த நீளத்தால் வகுத்தால் நீட்சிக் கெழு. 10 செ.மீ. குச்சி 9 செ.மீ. ஆனால் 0.11. 0.06க்கு மேல் போனால் விரிவு அதிகம், 0.09க்கு மேல் மிக அதிகம். குழைத்த மண் இயற்கைக் கட்டியைவிடக் கூடுதலாகச் சுருங்கும் என்பதால், இந்த எண்ணை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. கட்டியில் அளந்த கெழுவை அடுக்கின் தடிமனால் பெருக்கினால் மண் எத்தனை செ.மீ. அசையும் என்று கிடைக்கும்: 80 செ.மீ. அடுக்கு, கெழு 0.09 என்றால் 7.2 செ.மீ.

டியாப்லோ மண் சேற்றுப்பாறையும் மணற்பாறையும் சிதைந்த இடத்திலேயே உருவானது. 5 முதல் 50 விழுக்காடு சரிவுகளில் கிடக்கிறது. இத்தனை அசைவு சரிவில் நடந்தால் மண் ஒவ்வொரு விரிவிலும் சுருக்கத்திலும் கொஞ்சம் கீழ்நோக்கி ஊரும். வேலிக்கால்கள் சாயும், சாலை வெட்டுமுகங்கள் சரியும், மரவேர்கள் அறுபடும். வேலிக்காலை வெடிப்பு எட்டாத ஆழத்துக்கு இறக்காவிட்டால் நிமிர்த்துவது ஆண்டு வேலையாகிவிடும். முதல் மழை வெடிப்பு வழியே நேராக ஆழத்துக்குப் போகும். வெடிப்பு மூடியபின் ஊடுருவல் மிக மெதுவாகி, மிச்ச நீர் சரிவில் ஓடிவிடும். அந்தப் பதத்தில் மாடுகளை விட்டால் குளம்புக் குழிகள் விழுந்து புல் வேரோடு பிய்யும். மேல்மண் இறுகும் வரை மந்தையைக் கல் கலந்த, வடிகால் நல்ல சரிவில் வைப்பதே வழி. இதே மண்ணால் கரை கட்டிய கால்நடைக் குட்டைகள் கோடையில் வற்றினால், கரை வெடித்து அடுத்த மழையில் கசியும்.

இனி வெர்டிசாலுக்குத் தமிழ்ப்பெயர். கரிசல் என்று போடத் தோன்றும். அது நிறத்திலிருந்து பிறந்த சொல். பழுப்பான வெர்டிசாலை விட்டுவிடும், கருப்பாக இருந்து வெடிக்காத மண்ணைச் சேர்த்துக்கொள்ளும். மேலும் நம் கரிசல் நிலங்கள் பெரும்பாலும் 'அஸ்டெர்ட்' என்ற வேறு உள்வரிசை. அவற்றின் மழைக்கணக்கே வேறு. 'வெடிப்புக்களி' நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று நிபந்தனைகளில் வெடிப்பை மட்டும் சொல்கிறது.

'புரள்மண்' என்பதே பொருத்தம். மேல்மண் வெடிப்பில் விழுந்து, அடிமண் மேலே வந்து, மண் முழுதுமாகத் தலைகீழாகிறது என்றுதான் பழைய பாடநூல்கள் விளக்கின. அது மிகை. கரிமக் காலக்கணிப்பில் இந்த மண்ணின் வயது ஆழத்தோடு கூடிக்கொண்டே போவது தெரிந்தது. முழுதாகக் கவிழ்ந்திருந்தால் அப்படி இராது. 'புரட்டுமண்', 'கவிழ்மண்' என்றால் அந்தப் பழைய மிகையைத் தமிழிலும் எழுதிவைத்ததாகும். புரளுதல் வேறு: படுத்தவர் இடம்விட்டு எழாமல் பக்கம் மாறுவதும் புரளுதல்தான். வழுக்குமுகங்கள் காட்டும் அசைவுக்கு இந்தச் சொல் மூலத்தைவிட நெருக்கம்.

இந்த அடிப்படையில் செரெர்ட் 'குளிர்மழைப் புரள்மண்'. 'வறள்புரள்மண்' என்று போட்டால் பாலைவனத்து 'டோரெர்ட்' வந்து மோதும். ஹாப்லோசெரெர்ட் 'எளிய குளிர்மழைப் புரள்மண்'. அரிடிக்குக்கு, அளவுகோலே வெடிப்பு என்பதால், 'நெடுவெடிப்பு'. ஸ்மெக்டைட் என்ற கனிமப்பெயரை அப்படியே விட்டுவிடலாம். டியாப்லோ தொடரின் வகை, தமிழில் எழுதினால்: நுண்களி, ஸ்மெக்டைட், மிதவெப்ப, நெடுவெடிப்பு எளிய குளிர்மழைப் புரள்மண். மூலத்தைவிட ஒரு மூச்சு கூடுதல்தான். அட்டவணையில் எழுதும்போது 'நெடுவெடிப்பு எ.கு. புரள்மண்' என்று சுருக்கிக்கொள்ளலாம்.